பெரும்பான்மை வாக்கு தனக்குத் தானே முரண்படுவது ஏன்? தோட்டத்துச் சங்க உறுப்பினர்களுக்கான கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் கோயில் நிர்வாகம், மரண சகாயச் சங்கம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுக் கழகம் எனப் பல அமைப்புகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கியே முடிவெடுக்கின்றன. கூட்டம் கலைந்த பிறகு, "ஒரு முறை ஒன்றைச் சொல்கிறார்கள், மறுமுறை வேறொன்றைச் சொல்கிறார்கள், இந்தச் சனங்களுக்கு நிலையான புத்தி இல்லை" என்று பேசுவதை ஒட்டுக்கடை மேசைகளில் கேட்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் நிலையான புத்தியோடு வாக்களித்தாலும் கூட்டத்தின் முடிவு நிலைகொள்ளாமல் போகலாம் என்பதைக் கணக்கோடு விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

கேள்வி: பெரும்பான்மை முரண்படுகிறது என்றால் சரியாக என்ன பொருள்?

ஒருவர் தேநீரைவிடக் கோப்பியையும், பாலைவிடத் தேநீரையும் விரும்புகிறார் என்றால், அவர் பாலைவிடக் கோப்பியையே விரும்புவார் என்று நாம் தயங்காமல் எதிர்பார்க்கிறோம். தனி மனிதரிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பெரும்பான்மை என்பது தனி மனிதர் அல்ல. முதல் தெரிவு இரண்டாவதைப் பெரும்பான்மையால் வென்று, இரண்டாவது மூன்றாவதைப் பெரும்பான்மையால் வென்று, அந்த மூன்றாவது மீண்டும் முதல் தெரிவையே பெரும்பான்மையால் வெல்லக்கூடும். அப்போது "உறுப்பினர்கள் அதிகம் விரும்புவது எது" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதிலே இருக்காது. இதைப் பெரும்பான்மைச் சுழற்சி என்று அழைப்போம்.

கேள்வி: எண்களோடு காட்ட முடியுமா?

முடியும். 45 உறுப்பினர்கள் கொண்ட ஒரு தோட்டத்துச் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சேமிப்பில் 12,000 வெள்ளி மிச்சம் இருக்கிறது. அதை மரண சகாய நிதியில் சேர்ப்பதா, மண்டபத்தின் ஒழுகும் கூரையை மாற்றுவதா, பிள்ளைகளின் கல்வி நிதிக்குக் கொடுப்பதா என்பது கேள்வி.

வேலை ஓய்வு பெற்ற பெரியவர்கள் 16 பேர். அவர்களுக்கு முதலில் சகாய நிதி, அடுத்துக் கூரை, கடைசியில் கல்வி. தாமான் வீடுகளில் குடியிருக்கும் இளம் பெற்றோர்கள் 15 பேர். அவர்களுக்கு முதலில் கல்வி, அடுத்துச் சகாய நிதி, கடைசியில் கூரை. மண்டபத்தில் பூப்பந்து ஆடி, அங்கேயே கல்யாண விருந்தும் வைக்க விரும்பும் இளைஞர்கள் 14 பேர். அவர்களுக்கு முதலில் கூரை, அடுத்துக் கல்வி, கடைசியில் சகாய நிதி.

சகாய நிதியா கூரையா என்று கேட்டால், பெரியவர்களும் பெற்றோர்களும் சேர்ந்து 31 பேர் சகாய நிதிக்குக் கை தூக்குவார்கள். கூரைக்கு 14 பேர் மட்டுமே. கூரையா கல்வியா என்று கேட்டால், பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து 30 பேர் கூரைக்கு, கல்விக்கு 15. கல்வியா சகாய நிதியா என்று கேட்டால், பெற்றோர்களும் இளைஞர்களும் சேர்ந்து 29 பேர் கல்விக்கு. சகாய நிதிக்கு 16. மூன்றுமே தெளிவான பெரும்பான்மைகள். ஆனால் அவற்றை வரிசையாக அடுக்கினால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறோம்.

கேள்வி: யாரோ ஒரு பகுதியினர் குழம்பி வாக்களித்ததால்தானே இப்படி ஆகிறது?

இல்லை. மேற்சொன்ன 45 பேரில் ஒருவர்கூடத் தம் விருப்ப வரிசையிலிருந்து விலகவில்லை. ஒவ்வொரு முறையும் வென்ற பெரும்பான்மை வெவ்வேறு ஆட்களால் ஆனது என்பதுதான் காரணம். முதல் வாக்கெடுப்பில் பெரியவர்களும் பெற்றோர்களும் ஒரு பக்கம் நின்றார்கள். இரண்டாவதில் பெரியவர்கள் இளைஞர்களோடு சேர்ந்தார்கள். மூன்றாவதில் பெற்றோர்களும் இளைஞர்களும் கைகோத்தார்கள். இந்த மூன்று கூட்டுகளையும் "பெரும்பான்மை" என்ற ஒரே பெயரால் அழைப்பதால், ஒரே ஆள் மூன்று விதமாகப் பேசுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் விளையாடும் ஒன் டூ சோம் ஆட்டத்தில் பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை வீழ்த்தும். அங்கே எது எல்லாவற்றிலும் பலமானது என்று எவரும் கேட்பதில்லை. இங்கும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

பொதுக்கூட்டங்களில் மூளும் கசப்பில் ஒரு பகுதியாவது இந்த ஒரு செய்தி தெரியாததால் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். தோற்ற தரப்பு வென்ற தரப்பைச் சூழ்ச்சிக்காரர் என்கிறது. வென்ற தரப்பு தோற்ற தரப்பை நிலையற்றவர் என்கிறது. இரு தரப்பும் நேர்மையாக நடந்திருக்க முடியும்.

கேள்வி: கூட்டத் தலைவர் எந்த வரிசையில் வாக்கெடுப்புக்கு விடுகிறார் என்பது முடிவை மாற்றுமா?

சுழற்சி இருக்கும்போது, வரிசைதான் முடிவு. தலைவர் முதலில் சகாய நிதியையும் கூரையையும் மோதவிட்டு, வென்றதைக் கல்வியோடு மோதவிட்டால், முதலில் சகாய நிதி வெல்லும், பிறகு கல்வி அதை வெல்லும். முதலில் கூரையையும் கல்வியையும் மோதவிட்டால், கூரை வென்று, பிறகு சகாய நிதியிடம் தோற்கும். முதலில் கல்வியையும் சகாய நிதியையும் மோதவிட்டால், கல்வி வென்று, பிறகு கூரையிடம் தோற்கும். எது கடைசியாகக் களத்துக்கு வருகிறதோ அது வென்றுவிடுகிறது. ஒரு வாக்கைக்கூட மாற்றாமல், ஒரு பொய்யும் சொல்லாமல், தலைவர் தமக்குப் பிடித்ததைக் கடைசியில் வைத்தாலே போதும்.

தீர்மானத்துக்குத் திருத்தம் கொண்டுவரும் வழக்கமான கூட்ட நடைமுறையிலும் இதே நிலைதான். முதலில் திருத்தம் வாக்கெடுப்புக்கு வரும். பிறகு, திருத்தப்பட்டதோ திருத்தப்படாததோ, அந்தத் தீர்மானம் "இப்போது இருப்பதே இருக்கட்டும்" என்ற நிலையோடு மோதும். இருக்கும் நிலை எப்போதும் கடைசியில் வருவதால், சுழற்சி உள்ள இடங்களில் அதற்கு ஓர் அனுகூலம் கிடைக்கிறது. பழைய நிலையை எளிதில் கலைத்துவிடக் கூடாது என்று கருதும் சங்கத்துக்கு இது நல்லதே. ஆனால் அது தெரிந்து ஏற்றுக்கொண்ட விதியாக இருக்க வேண்டும்.

வரிசையை முன்கூட்டியே எழுதி வைப்பதன் அருமைக்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்பது மாநில ஆட்சியாளர்களும் கூட்டரசு அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை வகுத்த வரிசைப்படி ஒவ்வொரு பெயராக எடுத்து இரகசியமாக வாக்களிக்கிறார்கள். ஐந்து வாக்குகள் தேவை. அந்த இடத்தில் வரிசை எவருடைய அன்றைய விருப்பத்துக்கும் விடப்படவில்லை.

கேள்வி: வரிசையைப் பார்த்து உறுப்பினர்கள் முன்கூட்டியே யோசித்து வாக்களித்தால்?

அப்போது கதை மாறும். சகாய நிதிக்கும் கூரைக்கும் முதல் போட்டி, வென்றது கல்வியோடு மோதும் என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் மனத்தில் உள்ளபடி வாக்களித்தால் கடைசியில் கல்வி வெல்லும். அது பெரியவர்களுக்குக் கடைசித் தெரிவு. இதை முன்பே கணித்துவிட்ட பெரியவர்கள், முதல் வாக்கெடுப்பில் தங்களுக்கு மிகப் பிடித்த சகாய நிதியைக் கைவிட்டுக் கூரைக்கு வாக்களித்தால், கூரை 30க்கு 15 என்று வெல்லும்; பிறகு கல்வியையும் 30க்கு 15 என்று வெல்லும். அவர்களுக்கு இரண்டாவது தெரிவாவது கிடைக்கும்.

கூட்டக் குறிப்பை மட்டும் படிப்பவருக்கு, சகாய நிதியைப் பெரியவர்களே தோற்கடித்ததுபோல் தெரியும். துரோகம் என்று ஊர் பேசும். உண்மையில் அவர்கள் தங்கள் விருப்பத்தை மாற்றவில்லை. கடைசி வாக்கெடுப்பை எதிர்பார்த்து முதல் வாக்கை அமைத்துக்கொண்டார்கள். ஆகவே, எண்ணிக்கை ஒன்றையே வைத்து ஒருவருடைய மனத்தை அளக்கக் கூடாது.

கேள்வி: மூன்றையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, அதிக வாக்கு பெற்றது வெற்றி என்று வைத்தால் சிக்கல் தீராதா?

சிக்கல் தீராது, மறைந்துவிடும். நம் பொதுத்தேர்தலில் இருப்பதுபோல், ஆளுக்கு ஒரு குறி, அதிகக் குறி பெற்றவர் வெற்றி என்ற முறையில் சகாய நிதி 16, கல்வி 15, கூரை 14 என்று சகாய நிதி வெல்லும். ஆனால் 45 பேரில் 29 பேர் அதைவிடக் கல்வியை விரும்புகிறார்கள் என்பது அந்தச் சீட்டில் பதிவாகவே இல்லை. கடைசியாக வந்த கூரையை நீக்கிவிட்டு இரண்டாம் சுற்று நடத்தினால், கல்வி 29க்கு 16 என்று வெல்லும். அதே ஆட்கள், அதே விருப்பங்கள், வேறு விடை. மும்முனைப் போட்டி நடந்த தொகுதிகளின் முடிவைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும்: வென்றவரை மற்ற இருவருக்கும் எதிராகத் தனித்தனியே நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா.

முதலிடத்துக்கு 2 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 1 புள்ளி, கடைசிக்கு ஒன்றுமில்லை என்று கணக்கிடும் முறையும் உண்டு. அதில் சகாய நிதிக்கு 47, கூரைக்கும் கல்விக்கும் தலா 44. புள்ளி முறையில் சுழற்சி வராது. ஆனால் வெல்ல வாய்ப்பே இல்லாத நான்காவது தெரிவு ஒன்றைப் பட்டியலில் சேர்த்தாலே மற்றவற்றின் புள்ளிகள் இடம் மாறக்கூடும் என்பது அதன் பலவீனம்.

கேள்வி: இதை முதலில் கண்டறிந்தவர் யார்?

பிரெஞ்சுக் கணித அறிஞர் கோண்டோர்சே, 1785இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். புள்ளி முறையைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் 1770இல் முன்வைத்தவர் அவருடைய சமகாலத்தவரான பொர்தா. கோண்டோர்சேயைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொருவரும் தவறுவதைவிடச் சரியாகத் தீர்ப்பளிக்கும் வாய்ப்பே அதிகம் என்ற நிலையில், தனித்தனியே யோசித்து வாக்களித்தால், ஆட்கள் கூடக்கூடப் பெரும்பான்மை சரியான விடையை எட்டும் வாய்ப்பும் கூடும் என்பதை நிறுவியதும் அதே நூல்தான். பெரும்பான்மையின் பலத்தையும் பிளவையும் ஒரே மனிதர் ஒரே நூலில் காட்டினார். பிரெஞ்சுப் புரட்சியின் அரசியல் பகையில் சிக்கி, 1794இல் அவர் சிறையில் இறந்தார்.

கேள்வி: குறையே இல்லாத வாக்கு முறை ஒன்று இருக்கிறதா?

தெரிவுகள் இரண்டே என்றால், எளிய பெரும்பான்மைக்கு ஈடான முறை இல்லை. உறுப்பினர்கள் அனைவரையும் சமமாகவும், இரண்டு தெரிவுகளையும் சமமாகவும் நடத்தி, ஆதரவு கூடினால் அதற்கேற்ப விளைவும் நகரும் முறை அது ஒன்றே என்று கென்னத் மே 1952இல் நிறுவினார்.

மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் இல்லை. கென்னத் ஏரோ 1951இல் இதை நிறுவினார். 1972இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அவர் கேட்டவை பெரிய ஆசைகள் அல்ல. உறுப்பினர்கள் எந்த விருப்ப வரிசையோடு வந்தாலும் முறை செயல்பட வேண்டும். எல்லாரும் ஒன்றை மற்றொன்றைவிட மேலாகக் கருதினால் முடிவும் அப்படியே அமைய வேண்டும். இரண்டு தெரிவுகளுக்கு இடையிலான முடிவு அந்த இரண்டைப் பற்றிய விருப்பங்களை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். ஒரே ஆளின் சொல்லே எப்போதும் சட்டமாகிவிடக் கூடாது. விடை முரணற்ற வரிசையாக வர வேண்டும். இவை அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் முறை இருக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1973இல் கிப்பார்டும் 1975இல் சாட்டர்த்வெயிட்டும், மூன்று முடிவுகளாவது சாத்தியமாக உள்ள எந்த முறையிலும், அது ஒருவரின் சர்வாதிகாரமாகவோ குலுக்கலாகவோ இல்லாத வரையில், மனத்தில் உள்ளதை மறைத்து வாக்களிப்பது சில நேரம் ஒருவருக்கு இலாபமாகவே இருக்கும் என்று காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு, வாக்கெடுப்பே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தக் குறையை நாம் பொறுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதைத் தெரிந்து தேர்வு செய்ய வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்?

மூவர் மூன்று தெரிவுகளை வரிசைப்படுத்தினால் 6 பெருக்கல் 6 பெருக்கல் 6, ஆக 216 வகைகள். அவற்றில் 12 வகைகளில் சுழற்சி வரும். அதாவது பதினெட்டில் ஒன்று. எல்லா வரிசைகளும் சம வாய்ப்புடையவை என்று கொண்டால், ஆட்கள் மிக அதிகமாகும்போது இது ஏறக்குறைய 8.8 விழுக்காட்டை எட்டும். தெரிவுகள் கூடினால் இன்னும் ஏறும். ஆனால் நிஜ மனிதர்களின் விருப்பங்கள் அப்படிச் சிதறிக் கிடப்பதில்லை, ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே பெரிய தேர்தல்களில் சுழற்சி அரிது. அரிது என்பதால் இல்லை என்று ஆகாது: அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகர மன்றத்துக்கு 2021இல் நடந்த தேர்தலில், இரண்டாம் வட்டாரத்தின் விருப்ப வரிசைச் சீட்டுகளை ஆராய்ந்தபோது மூன்று வேட்பாளர்களிடையே சுழற்சி இருந்தது தெரியவந்தது. பணத்தையும் பொருளையும் பங்கிடும் கேள்விகளில், அது பெரிதும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

கேள்வி: பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

பேசி ஒப்புக்கொண்டால் தீரும். வாக்கெடுப்புக்கு விட்டால் தீராது. தலா 4,000 வெள்ளி என்று முன்மொழிந்தால், பெற்றோர்களும் இளைஞர்களும் தலா 6,000 என்று எதிர்த் தீர்மானம் கொண்டுவந்து 29 பேரோடு வெல்லலாம். வெறுங்கையோடு நிற்கும் பெரியவர்கள், இளைஞர்களுக்கு 7,000 தருகிறோம், எங்களுக்கு 5,000 போதும் என்று சொல்லி 30 பேரைத் திரட்டலாம். உடனே பெற்றோர்கள், பெரியவர்களுக்கு 6,500, எங்களுக்கு 5,500 என்பார்கள். 31 பேர் சேர்வார்கள். எந்தப் பங்கீட்டையும் ஏதேனும் இரண்டு தரப்பு சேர்ந்து கவிழ்க்க முடியும். பங்குத் தொகையை வாக்கெடுப்பு மேசையில் வைக்கும் முன், எல்லாருக்கும் இவ்வளவாவது உண்டு என்ற அடிப்படையைச் சங்கத்தின் சட்டவிதியிலேயே எழுதிவிடுவது நலம்.

கேள்வி: எந்தக் கேள்விகளில் சுழற்சி வராது என்று நம்பலாம்?

தெரிவுகளை ஒரே கோட்டில் அடுக்க முடிந்து, ஒவ்வொருவருக்கும் அந்தக் கோட்டில் ஓர் உச்ச விருப்பம் இருந்து, அதிலிருந்து இருபுறமும் விலக விலக விருப்பம் குறைந்துகொண்டே போனால் சுழற்சி வராது. நடுவில் நிற்பவரின் விருப்பம் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். இதை டங்கன் பிளாக் 1948இல் காட்டினார். மாதச் சந்தா 5 வெள்ளியா, 10 வெள்ளியா, 15 வெள்ளியா என்பது இத்தகைய கேள்வி. 45 பேரையும் அவரவர் விரும்பும் தொகைப்படி வரிசையாக நிறுத்தினால், 23ஆவது ஆளின் தொகையே நிலைக்கும். "கொடுத்தால் 15 கொடுப்போம், இல்லையென்றால் 5 போதும், இடையில் 10 வேண்டாம்" என்று நினைப்பவர்கள் கணிசமாக இருந்தால் மட்டும் இந்த உறுதி தளரும்.

அமர்த்தியா சென் 1966இல் இதை விரிவாக்கினார். மூன்று தெரிவுகளில் ஏதேனும் ஒன்றை எவருமே கடைசியில் வைக்கவில்லை என்றால், அல்லது எவருமே முதலில் வைக்கவில்லை என்றால், அல்லது எவருமே நடுவில் வைக்கவில்லை என்றால், ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள கூட்டத்தில் சுழற்சி வராது. நம் எடுத்துக்காட்டில் மூன்று தெரிவுகளும் யாரோ ஒரு தரப்புக்கு முதல், யாரோ ஒரு தரப்புக்கு நடு, யாரோ ஒரு தரப்புக்குக் கடைசி. கூட்டத் தலைவருக்கு இது கையடக்கமான சோதனை: "இந்த மூன்றில் யாருக்கும் கடைசியாக இல்லாதது எது?" என்று வாக்கெடுப்புக்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. 2022 பொதுத்தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 222 இடங்களில் 112 கிடைக்கவில்லை. அங்கே பெரும்பான்மை இல்லாததே சிக்கல். சுழற்சியில் பெரும்பான்மைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன.

கேள்வி: மூன்று பேர் கொண்ட சிறு செயலவையிலும் இது வருமா?

வரும், வேறு உருவத்திலும் வரும். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவரின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதா என்று மூவர் முடிவெடுக்க வேண்டும். சேதம் அன்றைக்குத்தான் நடந்தது, அதற்கு வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு என்ற இரண்டும் உண்மையானால் மட்டுமே பிடிக்கலாம் என்பது விதி. தலைவர் இரண்டையும் ஏற்கிறார். செயலாளர் சேதம் அன்று நடந்ததை ஏற்கிறார், பொறுப்பை மறுக்கிறார். பொருளாளர் பொறுப்பை ஏற்கிறார், சேதம் பழையது என்கிறார். தனித்தனியே வாக்கெடுத்தால், இரண்டு கேள்விகளுக்கும் இருவர் "ஆம்". ஆகவே பிடிக்க வேண்டும். முடிவை நேரடியாக வாக்கெடுத்தால், இருவர் "வேண்டாம்". ஆகவே திருப்பித் தர வேண்டும். நீதிபதிகள் குழுவில் எழும் இந்தச் சிக்கலைக் கோர்ன்ஹவுசரும் சேகரும் 1986இல் எழுதினார்கள். காரணங்களை வாக்கெடுப்பதா, முடிவை வாக்கெடுப்பதா என்பதை வழக்கு வருமுன் எழுதி வைக்காத செயலவை, வந்த ஆளைப் பார்த்து முறையை மாற்றுகிறது என்ற பழிக்கு ஆளாகும்.

கேள்வி: சுழற்சி வந்துவிட்டால் என்ன செய்யலாம்?

முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கை தூக்குவதற்குப் பதிலாக, 1, 2, 3 என்று வரிசை எழுதும் சீட்டுக் கொடுத்து, ஒவ்வொரு இணைக்கும் தனியே எண்ணிக் கரும்பலகையில் எழுதினால் போதும். மூன்று தெரிவுகளுக்கு மூன்று எண்ணிக்கைகள்தாம்.

பிறகு, மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் கிடைத்த வெற்றியைக் கணக்கிலிருந்து விலக்கலாம். நம் எடுத்துக்காட்டில் வேறுபாடுகள் 17, 15, 13. கல்வி சகாய நிதியை 13 வாக்கு வேறுபாட்டில் வென்றதே மெலிந்தது. அதை விலக்கினால் சகாய நிதி, கூரை, கல்வி என்ற வரிசை கிடைக்கிறது. இது நியாயமான முறை. நான் பரிந்துரைப்பதும் இதையே.

குலுக்கலும் தள்ளத்தக்கதல்ல. சாமி சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது நம் கோயில்களில் அறியப்பட்ட வழக்கம். எந்தத் தரப்பும் வரிசையை வளைக்க முடியாது என்பதே அதன் சிறப்பு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை முறையும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குலுக்கலே. வாக்கு எண்ணிக்கை அல்ல. தகுதியை முதலில் கறாராக வரையறுத்துவிட்டு, அதற்குப் பின்னரே குலுக்கினார்கள்.

கேள்வி: முடிந்துபோன வாக்கெடுப்பில் சுழற்சி இருந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், அதை மீண்டும் திறக்கலாமா?

சட்டவிதிப்படி நடந்த முடிவு முடிவுதான். சந்தேகம் வந்தபோதெல்லாம் திறந்தால், சுழற்சி உள்ள கேள்வியில் ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கும். ஒரே விவகாரத்தை எவ்வளவு காலத்துக்குப் பிறகு மறுபடி எழுப்பலாம் என்பதையும், தெரிவுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் எந்த முறையில் எண்ணுவது என்பதையும் சட்டவிதியில் சேர்க்கப் பொதுக்கூட்டத்திலேயே முன்மொழியலாம். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பானால், திருத்தத்துக்குச் சங்கப் பதிவகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை, கூட்டக் குறிப்பில் "பெரும்பான்மையோர் ஏற்றனர்" என்று மட்டும் எழுதாமல், எவை எந்த வரிசையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன, ஒவ்வொன்றிலும் இருபுறமும் எத்தனை கைகள் என்பதையும் செயலாளர் பதிவுசெய்ய வேண்டும்.